மாடு தின்ற மாடிவீடு

பொய் சொல்வதற்குத் தனித் திறமை எதுவும் வேண்டாம். சித்திரை வெயிலும், ஒரு வேப்பமர நிழலும், சூடாக ஒரு டீயும் இருந்தால் போதும். பொய் தானாக வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். இது நான் யாரிடமும் கேட்டுச் சொல்வது இல்லை, சொந்த அனுபவம். அந்த அனுபவத்தால் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனதெல்லாம் தமயந்தி மேடத்துக்குத்தான். அதனால் இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் வரும். சிரித்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலவும் இருக்கும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று தடவை எழுதியவன். (ஒரே தடவையில் பாஸ் ஆகிறவனுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் பாசம் இல்லை என்று அர்த்தம்.) திருமயத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் எங்கள் ஊர். அப்பா ராமையா, கொத்தனார். அவரோடு வேலைக்குப் போனால் முதுகு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, ஊரில் போகிற வருகிறவர்களைக் கேலி பேசுவதை முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். அதில் சம்பளம்தான் இல்லையே தவிர, விடுமுறையும் கிடையாது.

அந்த மாசியில்தான் தமயந்தி மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு, சொந்த ஊர் கோயம்புத்தூர். பைக் ஓட்டத் தெரிந்த, வழி தெரிந்த, நல்ல போன் வைத்திருக்கிற ஒரு பையன் வேண்டும் என்று விசாரித்திருக்கிறார். இந்த மூன்றுக்கும் பத்தாம் வகுப்பு தேவையில்லை என்பதால் ஊர்க்காரர்கள் என்னைக் கைகாட்டிவிட்டார்கள்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். எங்கள் ஊர் மேலிருந்து தெரிந்தது. கண்மாய் ஒரு கிழிந்த சட்டை மாதிரி கிடந்தது. வீடுகள் எல்லாம் சட்டைப் பொத்தான்.

"இது செயற்கைக்கோள்ல இருந்து எடுத்த படம். இதை வச்சு இந்த மாவட்டத்துல கட்டி நிக்கிற எல்லாத்துலயும் எவ்வளவு செங்கல் இருக்கு, எவ்வளவு மணல், ஜல்லி, சிமெண்ட், கம்பி இருக்குன்னு கணக்குப் போடுறோம்" என்றார் மேடம்.

அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். "எதுக்குங்க? பேத்து எடுக்கப் போறீங்களா?"

மேடம் சிரித்துவிட்டார். "இப்ப இல்லீங்க. எந்த வீடா இருந்தாலும் ஒரு நாள் இடிக்கத்தானே போறாங்க? அன்னைக்கு அதுல எது எவ்வளவு திரும்பக் கிடைக்கும்னு இப்பவே தெரிஞ்சா, அந்த அளவுக்கு ஆத்துல மணல் அள்ள வேண்டாம், மலையை உடைக்க வேண்டாம்."

"அது நல்ல விசயந்தான். ஆனா இதுக்கு எதுக்குங்க வானத்துக்குப் போகணும்? வாசல்ல நின்னு பாத்தா நானே சொல்லிருவேனே, இந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை எறங்கியிருக்குன்னு."

"ஒரு வீட்டுக்குச் சொல்லிருவீங்க. மாவட்டம் பூராவுக்கும்?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அதுக்கு எனக்கு ஆயுசு பத்தாதுங்க" என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "படத்துல நீளம் அகலம் கிடைச்சுரும். நிழலை அளந்தா உயரம் கிடைச்சுரும். ஆனா மேல இருந்து பாத்தா கூரைதான் தெரியும், சுவர் தெரியாது. சுவர் மண்ணா, செங்கலா, ஹாலோ பிளாக்கா? கிட்டப் போய் நின்னாத்தான் தெரியும். அதுக்குத்தான் மணி, நீங்க."

நீங்க! அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. டவுன் பஸ் கண்டக்டர் கூட "உள்ள போடா"தான். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். என் தங்கை சுகன்யா கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

அம்மா காபியை நீட்டிக்கொண்டே, "ஒங்களுக்குப் புள்ளைங்க இருக்காம்மா?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு. எங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். வாரத்துக்கு ஒரு நாள் வீடியோ கால்." மேடம் காபியை ஒரு வாய் குடித்தார். "ஏப்ரல் கடைசியில எங்க பேராசிரியர் வருவார். நாம எழுதினதுல நாலஞ்சு இடத்தை நேர்ல போய்ச் சரிபார்ப்பார். சரியா இருந்தா மே மாசம் என் படிப்பு முடிஞ்சுரும். ஜூன்ல எங்க ஊர்க் காலேஜ்லயே வேலை சொல்லி வச்சிருக்காங்க. பாப்பாவும் ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் சேர்றா. மொத நாள் நான்தான் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லியிருக்கேன்."

"போயிருவீங்கம்மா. எங்க மணி இருக்கான்ல" என்றார் அம்மா.

(பெற்ற தாயே இப்படி ஏமாந்தால் கோயம்புத்தூர்க்காரர் என்ன செய்வார்?)

வேலை இதுதான். என் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தார்கள். படத்தில் திருமயம் பக்கம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டடம். அங்கே போய், சுவர் என்ன, கூரை என்ன, எத்தனை மாடி என்று தட்டி, ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். என்னைப் போலவே மணமேல்குடிப் பக்கம் ஒருத்தன், ஆவூர்ப் பக்கம் ஒருத்தன். "ஒரு புள்ளி தப்பாச்சுன்னா அதே சாயல்ல இருக்கிற ஆயிரம் வீடு தப்பாயிரும், பாத்துக்கங்க" என்று மேடம் எங்கள் மூன்று பேரிடமும் சொன்னார். நான்தான் பலமாகத் தலையாட்டினேன்.

முதல் வாரம் சத்தியமாக ஒழுங்காகத்தான் போனேன். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. இன்னொரு வீட்டில் வீட்டுக்காரரே துரத்தினார். வீட்டு வரியைக் கூட்டுவதற்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். ஒரு பெரியம்மா என்னை உட்கார வைத்து மோர் கொடுத்து, மேலே பறக்கிற அந்தச் சாமானில் துபாயில் இருக்கும் தன் மகன் தெரிவானா என்று கேட்டார். "கூரைதான் பெரியம்மா தெரியும், ஆளு தெரியாது" என்றேன். "அப்பறம் எதுக்குடா அது?" என்று மோர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது வாரம் வெயில் ஏறியது. ரோட்டோரம் ஒரு டீக்கடை, பக்கத்தில் வேப்பமரம், அடியில் பெஞ்சு. ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தவன்தான். ஆப்பைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மூலையில் சின்னதாக ஒரு பட்டன் கண்ணில் பட்டது: 'சிக்னல் இல்லை'. அதை அமுக்கினால் நான் நிற்கிற இடத்தை ஆப் கேட்காது. புள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிறேனா, டீ குடிக்கிறேனா என்று அதற்குக் கவலையே இல்லை. என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அந்தப் பட்டன்தான்.

அதற்குப் பிறகு நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். சில நாள் போனேன். மழை தூறினால், மனசாட்சி குத்தினால், அந்த வழியில் சினேகிதன் வீடு இருந்தால். மற்ற நாளில் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்தபடியே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எழுதினேன். மேலே பழுப்பாகத் தெரிந்தால் கீற்று. கீற்று என்றால் மண்சுவர். நிழல் நீளமாக விழுந்தால் மாடி. மாடி என்றால் கம்பி, கான்கிரீட். நீளமாக ஒரு கோடு தெரிந்தால் காம்பவுண்ட் சுவர். இவ்வளவுதான் உலகம் என்று இருந்தது.

போட்டோவுக்கு டீக்கடைச் சுவரை எடுத்தேன். முதல் வாரத்தில் போட்டோ எடுக்க விடாத வீடுகளுக்கும், பிறகு நிஜமாகப் போன வீடுகளுக்கும் அதே சுவர்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குத்த வைத்து, பெஞ்சு மேல் ஏறி.

டீ மாஸ்டர் கிளாஸை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, எங்கடைச் செவத்தை இத்தனை வாட்டி எடுக்கிற? மாப்பிள்ளை பாக்கிறியா அதுக்கு?"

"செவத்துக்கு வயசாயிருச்சுண்ணே. சீக்கிரம் முடிச்சு வச்சிரணும்."

இந்த மாதிரி பேசியே முடித்தேன். மூன்று பேரில் நான்தான் முதலில் முடித்தேன். மேடம் எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில், 'திருமயம் பகுதி முடிந்தது. மணியைப் பார்த்துக் கத்துக்கோங்க' என்று போட்டார். மணமேல்குடிப் பையன் தனியாக எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். அதை இங்கே எழுத முடியாது.

ஏப்ரல் கடைசியில் பேராசிரியர் வந்தார். மெலிந்த ஆள், தலையில் துணித் தொப்பி, கையில் நான் எழுதியதெல்லாம் அச்சடித்த தாள்கள். அவர் யாரையும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தாளில் விரல் வைத்தார். விரல் எங்கே விழுகிறதோ அந்தப் புள்ளி. அப்படி நான்கு. நான் முன் சீட்டில் வழிகாட்டி. பின்னால் அவரும் மேடமும்.

"மணி ஏரியாதான் சார் மொதல்ல முடிஞ்சது. ரொம்ப சின்சியர்" என்றார் மேடம்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே ஒன்றும் இல்லை.

முதல் புள்ளி, முதல் வாரத்தில் நாய் துரத்திய வீடு. எழுதியது எல்லாம் சரியாக இருந்தது. நாயும் இருந்தது, என்னை அடையாளம் கண்டு குரைத்தது. சாட்சிக்கு ஒரு நாயாவது கிடைத்ததே என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த வேகத்தில், "சார், பக்கத்துல நல்ல எளநி கெடைக்கும். குடிச்சுட்டு அப்படியே லாட்ஜுக்குப் போயிரலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "மூணு இருக்கே" என்றார்.

இரண்டாவது புள்ளி ஊருக்கு வெளியே ஒரு தோப்பு. பேராசிரியர் இறங்கித் தாளைப் படித்தார். "இருநூறு அடி நீளக் காம்பவுண்ட் சுவர். செங்கல்."

எதிரே ஐயனார் கோயில். கோயிலுக்குப் போகிற வழி நெடுக, நேர்த்திக்கடனுக்கு வைத்த மண் குதிரைகள் ஒன்றையொட்டி ஒன்றாக வரிசையாக நின்றன. மேலிருந்து பார்த்தால் ஒரே கோடு. கீழிருந்து பார்த்தால் அத்தனை குதிரையும் பல்லைக் காட்டிக்கொண்டு என்னையே பார்த்தன.

"சுவர் எங்க தம்பி?"

"இதுதான் சார்." முன்னால் நின்ற குதிரையைக் கையால் தட்டிக் காட்டினேன். "சுட்ட மண்ணுதானே சார். செங்கலும் அதேதான். உருவம் மட்டும்தான் சார் வேற."

பேராசிரியர் என்னையும் குதிரையையும் மாறிமாறிப் பார்த்தார். எந்தப் பக்கம் அறிவு அதிகம் என்று கணக்குப் போட்டிருப்பார்.

மேடம் அவசரமாக நடுவில் வந்தார். "சார், மேல இருந்து பாத்தா கோடு மாதிரிதான் தெரியும்..."

"மேல இருந்து பாக்கிறதுக்குத்தான் சேட்டிலைட் இருக்கேம்மா. இவரை எதுக்கு அனுப்பினோம்?"

மேடம் என்னைப் பார்த்தார். ஏதோ ஒன்றில் தவறியிருப்பான், பாவம், என்கிற பார்வைதான் அது. சந்தேகம் இன்னும் வரவில்லை. நான் குதிரைகள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாவது புள்ளிக்கு ஒரு சின்னத் தெருவுக்குள் போனோம். நான் எழுதியிருந்தது: இரண்டு மாடி, கம்பி கான்கிரீட், இருபதடிக்கு மேல் உயரம். தெருவில் இருந்த வீடுகளில் ஒன்றுகூட தென்னங்கன்றை விட உயரமாக இல்லை. புள்ளி விழுந்த இடத்தில் காலி மனை. அங்கே ஒரு அக்கா இரண்டு மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு ரெண்டு மாடி வீடு இருந்துச்சாம்மா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"மாடியா? இந்தத் தெருவுலயா?" அக்கா வாளியைக் கீழே வைத்தார். "எங்கூட்டு ஆடு ஏறி நிக்கிற திட்டுதான்யா இங்க ஒசரம்."

மேடம் படத்தைக் காட்டினார். அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "அட, இது நம்ம வைக்கப்போரு! தையில போட்டது. எம்புட்டு அழகா விழுந்திருக்கு!"

"இப்ப எங்கம்மா அது?"

அக்கா மாடுகளைக் காட்டினார். "அந்தா நிக்கிதுல, அதுக வயித்துல."

பேராசிரியர் தாளைத் தூக்கிப் பிடித்து நிதானமாகப் படித்தார். "கம்பி, கான்கிரீட், ரெண்டு மாடி."

"ஆத்தாடி!" அக்கா சிரிக்க ஆரம்பித்தவர் மாட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "கம்பியத் தின்னிருந்தா இப்படியா சாணி போடும்?"

டிரைவர் சிரித்தார். பேராசிரியரே மீசைக்குள் சிரித்தார். நானும் சிரித்தேன், கூட்டத்தோடு கூட்டமாக. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். போட்டோக்களைப் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். வெவ்வேறு ஊர், வெவ்வேறு வீடு. ஆனால் எல்லாச் சுவரிலும் ஒரே டீத்தூள் விளம்பரம்.

நான்காவது புள்ளிக்குப் போகும் வழியில், பாலத்தில் வேலை நடக்கிறது, போக முடியாது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பாலம் கண்ணெதிரே நன்றாகவே இருந்தது.

கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு வீடு. கீழே நான்கு அறை, மேலே இரண்டு அறை, போர்டிகோ, வளைவு வைத்த ஜன்னல்கள். மொட்டைமாடி முழுக்க இரும்புக் குழாய் நட்டு, வெயிலுக்குக் கீற்றுப் பந்தல் போட்டிருந்தது. எங்கள் பக்கம் பாதி வீட்டில் இது வழக்கம். கீழே கான்கிரீட், மேலே கீற்று. போட்டால்தான் கோடையில் வீட்டுக்குள் படுக்க முடியும். என் வீட்டு மாடியிலேயே இருக்கிறது. இருந்தும் படத்தில் பழுப்பைப் பார்த்ததும் ஒரு விநாடி யோசிக்காமல் குடிசை என்று தட்டியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் சின்னையா. மலேசியாவில் பல வருடம் இருந்து திரும்பியவர். கார் சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

பேராசிரியர் படித்தார்: "சுவர் மண். கூரை கீற்று. தரை சாணம். சிமெண்ட் இல்லை."

"எந்த வீட்டுக்குங்க?" என்றார் சின்னையா.

"இந்த வீட்டுக்குத்தாங்க."

"என் வீட்டுக்கா?" சின்னையாவின் குரல் மாடிக்குப் போய்விட்டது. "சாணமா? உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேணாம், வாங்க! தட்டிப் பாருங்க இந்தச் செவத்தை. கூச்சப்படாம தட்டுங்க!"

பேராசிரியர் மரியாதைக்கு விரலால் தட்டினார்.

"அப்படி இல்லீங்க, பலமா! இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். கட்டினது சாதாரண ஆளா? ராமையா கொத்தனாருங்க! அவரு தனியா எடுத்துச் செஞ்ச மொத வீடு இது."

நான் மெதுவாகக் காருக்குப் பின்னால் நகர்ந்தேன். போதுமான அளவு நகரவில்லை.

"டேய், அது யாரு? நீ ராமையா மகன்தானே? அங்கிட்டு ஏன்டா ஒளியிற, இங்கிட்டு வா! ஒங்கப்பன் கட்டினதுதானேடா இது? சாரு கிட்டச் சொல்லு!"

நான் வந்து நின்றேன். பேராசிரியர் தாளின் அடியைப் பார்த்தார். எழுதியவர் பெயர் அங்கேதான் இருக்கும். அவர் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. மேடத்திடம் நீட்டினார். சின்னையாவும் எட்டிப் பார்த்துவிட்டார்.

"யாரு, இவனா? எழுதினது இவனா?" அவருக்குக் கோபம் போய்விட்டது. என்னை ஒருமாதிரி பரிதாபமாகப் பார்த்தார். "ஏன்டா, ஒங்கப்பனோட எதுவும் சண்டையா?"

சண்டை என்றால்கூட ஒரு காரணமாக இருந்திருக்கும்.

பேராசிரியர் காரில் ஏறிக்கொண்டார். மேடம் கண்மாய்க் கரையில் என்னைத் தனியாக நிறுத்தினார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். திட்டு வாங்குவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

"எத்தனை, மணி?"

"என்ன மேடம்?"

"போகாம எழுதினது எத்தனை?"

"பாதி இருக்கும் மேடம். பாதிக்குக் கொஞ்சம் மேல."

"சரி. எது எதுன்னு குறிச்சுக் குடுங்க. மிச்சத்தையாவது வச்சுக்கிறேன்."

தாளைக் கையில் கொடுத்தார். நான் முதல் பக்கத்தைப் பார்த்தேன், இரண்டாவது பக்கத்தைப் பார்த்தேன். இது போன வீடா? இந்த வீட்டில்தான் மோர் கொடுத்தார்களா, அது அடுத்த வீடா? ஒன்றும் பிடிபடவில்லை. போய்ப் பார்த்து எழுதியதும் பெஞ்சில் எழுதியதும் ஒரே அச்சில், ஒரே மாதிரி, நல்ல பிள்ளை போல உட்கார்ந்திருந்தன.

"தெரியலையே மேடம்" என்றேன்.

அவர் தாள்களை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொய்யை மட்டும் தனியாகப் பிரிக்க முடியாததால், நாய் துரத்த, வெயிலில் வெந்து நான் எழுதிய நிஜமும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

"ஒரு வாரம் குடுங்க மேடம். எல்லாத்தையும் திரும்பப் போயிப் பாத்துட்டு வந்துர்றேன். சத்தியமா."

"நீங்க போய்த்தான் பாத்தீங்கன்னு நான் அவர்கிட்ட எப்படிச் சொல்றது, மணி?"

குரலில் கோபமே இல்லை. அப்போதும் நீங்கதான். ஒரே ஒரு தடவை 'நீ' என்று சொல்லித் திட்டியிருந்தால் அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிட்டிருப்பேன்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் சின்னையாவின் போன் போய்விட்டது. (செயற்கைக்கோளாவது சுற்றி வர நேரம் எடுக்கும்.) அப்பா பனியனோடு உட்கார்ந்திருந்தார். எதிரே அம்மா, பக்கத்தில் சுகன்யா. கோர்ட்டு கூடிவிட்டது.

"கண்மாய்க் கரைடா அது. அஸ்திவாரம் தோண்டத் தோண்டத் தண்ணி ஊறிச்சு. மூணு நாளு எறைச்சோம்" என்றார் அப்பா. உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிக்கொண்டே, "அதைப் போயி மண்ணுன்னு எழுதிட்டே" என்றார்.

"மேல கீத்து கெடந்தா புள்ளை கீத்துன்னுதானே எழுதும்?" என்று அம்மா எனக்காக வாதாடினார்.

"ஆமாப்பா, அண்ணனைக்கூட மேல இருந்து பாத்தா தலை முழுக்க முடியாத்தான் தெரியும். உள்ள ஒண்ணும் கட்டலைன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் சுகன்யா.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டார்: "அந்தப் புள்ளை என்ன சொன்னுச்சு?"

"ஒண்ணும் சொல்லலைப்பா."

"திட்டலையா?"

"இல்ல."

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப ரொம்ப நொந்திருக்கும்டா" என்று எழுந்து போனார்.

மறுநாள் காலையிலேயே நான் கிளம்பிவிட்டேன். யாரும் சொல்லவில்லை. மொத்தப் புள்ளிக்கும் போனேன். நான் போனதை யாரும் சந்தேகப்படக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அன்றைய பேப்பரைக் கையில் விரித்துப் பிடித்து, வீட்டுக்காரரையும் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தேன். (பார்க்கிறவர்களுக்கு யாரோ என்னைக் கடத்திக்கொண்டு போய்ப் பணம் கேட்கிற மாதிரி இருக்கும்.) குதிரைகளோடும் எடுத்தேன். அந்த அக்காவின் மாடுகளோடும் எடுத்தேன். அக்கா, "இன்னைக்கு எத்தனை மாடி எழுதப் போற?" என்று கேட்டார். வெயிலில் முகம் உரிந்தது. மூன்று வாரம் ஆனது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மேடத்துக்கு அனுப்பினேன்.

ராத்திரி பதில் வந்தது. 'எல்லாம் பார்த்தேன். நன்றி மணி. ஆனால் இனிமேல் சேர்க்க முடியாது.'

பிறகு நடந்ததை மணமேல்குடிப் பையன் சொன்னான். திருமயத்தை அடியோடு விட்டுவிடச் சொன்ன பேராசிரியர், என்னால் மற்ற இரண்டு பேர் எழுதியதையும் நம்பவில்லையாம். மேடம் ஒரு பழைய ஸ்கூட்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கடற்கரை வரைக்கும் ஒவ்வொரு வீடாகத் தானே போய்ப் பார்த்திருக்கிறார். மேயில் முடியவில்லை, ஜூனிலும் முடியவில்லை. கோயம்புத்தூர் வேலைக்கு வேறு யாரோ சேர்ந்துவிட்டார்கள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டிதான் கூட்டிக்கொண்டு போனாராம். மேடம் அன்றைக்கு மணமேல்குடியில் ஒரு வீட்டு வாசலில் நின்று வீடியோ காலில் பார்த்திருக்கிறார். "மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்கடா" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். இன்னும் அனுப்பவில்லை.

அடுத்த வருடம் அவருடைய ஆராய்ச்சி முடிந்தது. எங்கள் மூன்று பேருக்கும் கடைசி வரைபடத்தை அனுப்பினார். எனக்கும்தான். மாவட்டம் முழுக்க மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. எங்கே கட்டடச் சாமான் அதிகமோ அங்கே கருஞ்சிவப்பு. புதுக்கோட்டை டவுன் பழுத்துப்போய் இருந்தது. ஆவூர் இருந்தது, மணமேல்குடி இருந்தது. திருமயம் பக்கம் வந்தால் மட்டும் வெறும் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய திட்டு. ஓரத்தில் குறிப்பு: தரவு இல்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். "எல்லா எடமும் பூசியிருக்கு. இங்க மட்டும் ஏன்டா பூச்சு விட்டுப்போச்சு?"

அவருக்கே புரிந்துவிட்டது. விரலால் அந்தத் திட்டை மெதுவாகப் பெரிதாக்கினார். அவர் கட்டிய வீடுகள் அத்தனையும் அதற்குள்தான் இருக்கின்றன. இத்தனை வருடம் அவர் குழைத்த கலவையில் ஒரு மூட்டை சிமெண்ட் கூட அந்தக் கணக்கில் ஏறவில்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் சாம்பல்தான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சார்ஜ் போடு" என்றார்.

இப்போது நான் அப்பாவோடுதான் வேலைக்குப் போகிறேன். முதுகு வலிக்கத்தான் செய்கிறது. வீட்டில் அந்தச் சாம்பல் திட்டு ஒரு தினசரிக் கேலியாகிவிட்டது. குழம்பில் உப்பு இல்லையென்றால் தரவு இல்லை. என் சட்டைப் பையில் காசு இல்லையென்றால் தரவு இல்லை. கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வராமல் போனால், "நம்ம ஊரே இல்லைங்கிறப்ப எப்படி வரும்?" என்பார் அம்மா.

போன மாதம் எனக்குப் பெண் பார்ப்பதற்காகத் தரகர் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "பொண்ணு வீட்டுல வீட்டைப் பத்திக் கேக்கிறாங்க. சொந்த வீடுதானே? மாடி இருக்கா? ஊரு பேரு சொன்னா மேப்புல பாத்துக்கிறோம்கிறாங்க."

சுகன்யா பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினாள். "ஐயையோ, மேப்புல பாக்க வேணாம்னு சொல்லுங்க. எங்கண்ணன் அதை அழிச்சுட்டாரு. நேர்ல வரச் சொல்லுங்க."

அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா அவர் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். "ஏன் சிரிக்கிறீங்க? மாப்பிள்ளை வேற எதுவும் அழிச்சிருக்காரா?" என்று தரகர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் போனை வாங்கி, "ஆமாங்க, ஒருத்தங்களோட ஒரு ஜூன் மாசத்தை" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.